எண்ணெய் குடிக்கும் பந்து

பௌலிங் பந்தில் ஏறிய எண்ணெயை வீட்டில் இருக்கும் சாமான்களை வைத்தே எடுப்பது எப்படி? அமெரிக்காவில் வாரத்துக்கு ஒருநாள் பௌலிங் ஆடப் போகிற யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பார்கள். ஒருவர் பாத்திரம் கழுவும் சோப் என்பார். இன்னொருவர் மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்பார். மூன்றாமவருக்கு ஜன்னல் கண்ணாடி துடைக்கிற நீலத் திரவம். நாலாமவருக்கு ஒரு வாளி வெந்நீர். ஐந்தாமவர் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, சமையலறை அவனுக்குள் பந்தை வைத்துச் சூடாக்கிய கதையைச் சொல்வார். அந்தக் கதை பெரும்பாலும் பந்து இரண்டாகப் பிளந்ததில் போய் முடியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இது பும்ரா போடுகிற பௌலிங் இல்லை. நம் ஊர் மால்களின் மேல்மாடியில் வாடகைச் செருப்பு போட்டுக்கொண்டு, மூன்று ஓட்டைக்குள் விரலை விட்டு, கனமான பந்தை உருட்டி, கடைசியில் நிற்கும் பத்துப் பின்களை விழவைக்கிறோமே, அந்த டென்பின் பௌலிங்.

சரி, தரையில் உருளும் பந்துக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது? எல்லோரும் எண்ணெயை எப்படி எடுப்பது என்றுதான் கேட்கிறார்கள். அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனால், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு வரலாறு கிடைக்கிறது. மரம், பூச்சி, ரப்பர், பெட்ரோலியம், காசு, நிறவெறி எல்லாம் அதில் இருக்கின்றன.

*

பௌலிங் தடத்தைப் பார்த்தால் பளபளவென்று இருக்கும். மெருகேற்றிய மரம் என்றுதான் நினைப்போம். காலடியில் உள்ள கோட்டிலிருந்து முதல் பின் வரைக்கும் 60 அடி. அகலம் மூன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு. அந்த அகலத்தில் 39 பலகைகள். பெரும்பாலான கூடங்களில் இந்த 60 அடியில் முதல் 40 அடி அளவுக்கு ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசியிருப்பார்கள். கடைசி 20 அடி காய்ந்து கிடக்கும். ஒரு தடத்துக்கு ஆகும் எண்ணெய் 20, 30 மில்லிலிட்டர் பக்கம்தான். வீட்டில் தலைக்குத் தேய்க்கிற அளவுகூட இல்லை. கண்ணுக்கும் தெரியாது.

ஆனால் ஆட்டம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. எண்ணெய் உள்ள இடத்தில் பந்து வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த இடத்தைத் தொட்டதும் தரையைப் பிடித்து வளையும். இந்த வளைவுக்குப் பெயர் ஹூக். பத்துப் பின்களையும் ஒரே அடியில் சாய்க்க வேண்டுமானால், வலக்கைக்காரர் பந்தை முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் சாய்வாக நுழைக்க வேண்டும். நேராகப் போகும் பந்துக்கு அந்தச் சாய்வு கிடைப்பது கஷ்டம். வளைந்து வரும் பந்துக்குத்தான் அது கிடைக்கும். கூடத்துக்கு வந்த அன்றைக்கு நாம் உருட்டும் பந்து நேராகப் போகிறது. தொழில்முறை ஆட்டக்காரரின் பந்து ஓரக் கால்வாயில் விழப்போகிறது என்று பயமுறுத்திவிட்டுக் கடைசி நொடியில் உள்ளே திரும்புகிறது. அந்த வித்தியாசத்தில் பாதி கையில் இருக்கிறது. மீதிப் பாதி பந்தின் தோலில்.

*

ஆரம்பத்தில் பந்தும் மரம், தடமும் மரம். பந்துக்குப் பயன்பட்ட மரத்துக்கு லிக்னம் வைட்டே என்று லத்தீனில் பெயர். உயிர் மரம் என்று பொருள். கரீபியன் தீவுகளிலும் தென் அமெரிக்காவின் வடகரையிலும் வளர்வது. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமான கட்டை. அந்த மரத்துக்குள்ளேயே பிசின் இருப்பதால் தானே வழுக்கும். அதனால்தான் கப்பல்களின் சுழலித் தண்டுக்கு அதைத் தாங்கியாகப் போட்டார்கள். ஆக, பௌலிங் பந்தும் எண்ணெய்ப் பசையும் முதல் நாளிலிருந்தே சொந்தக்காரர்கள்தான். அன்றைக்கு எண்ணெய் பந்துக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

மரப்பந்து காய்ந்தால் வெடிக்கும், கோணலாகும். 1900களின் தொடக்கத்தில் கடின ரப்பர் பந்துகள் வந்தன. பிரன்ஸ்விக் நிறுவனம் 1914இல் மினரலைட் என்ற ரப்பர் பந்தை விற்க ஆரம்பித்தது. அடுத்த அரை நூற்றாண்டு ரப்பரின் ராஜ்ஜியம்.

தடத்தின் கதை வேறு. பந்து வந்து விழுகிற முன்பகுதிக்கும் பின்கள் நிற்கிற பகுதிக்கும் கடினமான மேப்பிள் மரம். நடுவில் மென்மையான பைன் மரம். 16 பவுண்டு வரைக்கும், அதாவது ஏழு கிலோவுக்கு மேல், கனமுள்ள பந்து ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை வந்து விழுந்தால் எந்த மரம்தான் தாங்கும்? அதனால் மேலே ஒரு பூச்சு போட்டார்கள். அந்தப் பூச்சின் பெயர் ஷெல்லாக்.

இங்கேதான் நம் பக்கத்துக் கதை ஒன்று வந்து சேர்கிறது. ஷெல்லாக் என்பது வேறொன்றும் இல்லை, அரக்கு. பாண்டவர்களை எரிப்பதற்காக மாளிகை கட்டினார்களே, அதே அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழும் சின்னப் பூச்சி சுரக்கும் பிசின் அது. அன்றைக்கு உலகச் சந்தைக்குப் போன அரக்கில் மிகப் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. அதில் முக்கியமான இடம் சோட்டா நாக்பூர், இன்றைய ஜார்க்கண்ட். கிளையை வெட்டி, அரக்கைச் சுரண்டி எடுத்தவர்கள் அந்தக் காடுகளின் ஆதிவாசிகள். பிரிட்டிஷ் அரசுக்கு இதில் இருந்த அக்கறை எவ்வளவு என்றால், ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்குமில் 1924இல் அரக்குக்கென்றே தனியாக ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. கிராமபோன் இசைத்தட்டு, மேசை நாற்காலி மெருகு, தொப்பி, மின்சாதனக் காப்பு என்று அரக்கு போகாத இடமில்லை. பௌலிங் தடமும் அதில் ஒன்று. சிகாகோவிலோ மில்வாக்கியிலோ ஒரு தொழிலாளி சனிக்கிழமை ராத்திரி பந்து உருட்டிய தரையில், ஜார்க்கண்ட் காட்டுப் பூச்சியின் எச்சில் பளபளத்துக்கொண்டிருந்தது.

அரக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. ஆல்கஹாலில் கரைந்துவிடும். கரைத்துத்தான் பூசவே முடியும். இன்றைக்குப் பந்து துடைக்கப் பலரும் கையில் எடுப்பது ஆல்கஹால். அதை அன்றைய தடத்தில் கொட்டியிருந்தால் பூச்சே கையோடு வந்திருக்கும். எது அழுக்கு, எது துப்புரவுச் சாமான் என்பதெல்லாம் தரை எதனால் ஆனது என்பதைப் பொறுத்த விஷயம்.

*

அரக்குப் பூச்சு சீக்கிரம் தேய்ந்தது. அடிக்கடி திரும்பப் பூச வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப்போரில் அரக்கு தட்டுப்பாடாகி, அமெரிக்க அரசு 1942இல் அதன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 1940களில் லேக்கர் என்ற பூச்சு மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது. லேக்கர் அரக்கைவிட உறுதி, ஆனால் எளிதில் தீப்பற்றும். உராய்வில் அதுவும் தேய்ந்தது. குறிப்பாகப் பந்து வழுக்கிப் போகும் முன்பகுதியில் பலகைகள் கருகியதுபோல் ஆகிவிடும்.

இதற்குக் கூடத்து முதலாளிகள் கண்ட வழி எண்ணெய். பூச்சின் மேல் கொஞ்சம் எண்ணெய் தடவினால் பந்து வழுக்கும், மரம் பிழைக்கும். மருந்தடிக்கும் கைப்பம்பு மாதிரியான ஒன்றாலும், எண்ணெய் நனைத்த துடைப்பத்தாலும் பூசினார்கள். பின்னாளில் அதற்கு இயந்திரங்கள் வந்தன. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: எண்ணெய் ஆட்டத்துக்காக வரவில்லை. ஆட்டக்காரருக்காகவும் வரவில்லை. முதலாளியின் மரத்தைக் காப்பாற்ற வந்தது.

ரப்பர் பந்து அந்த எண்ணெயைத் தோலில்தான் தாங்கியது. துணியால் ஒரு துடை துடைத்தால் போயிற்று. 1960 வாக்கில் வந்த பாலியெஸ்டர் பந்துக்கும் அப்படியே. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டிய பேச்சே இல்லை.

பிறகு லேக்கர் போய், பாலியூரித்தேன் பூச்சு வந்தது. கல் மாதிரி இறுகும் பூச்சு. தீப்பிடிக்கும் பயம் குறைந்தது, தேய்மானம் குறைந்தது. முதலாளிக்கு நிம்மதி. ஆட்டக்காரருக்குத் தலைவலி. அவருடைய கெட்டிப் பந்து, கெட்டித் தரையில், எண்ணெய்மேல் சறுக்கிக்கொண்டே போனது. வளைய மறுத்தது.

*

1973இல் டான் மெக்கியூன் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் ஒரு வேலை செய்தார். தன் பாலியெஸ்டர் பந்தை மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பானில் ஊறப்போட்டார். பெயின்ட், பசைத் தொழிலில் புழங்கும் கடுமையான ரசாயனம் அது. ஊறிய பந்தின் மேல்தோல் மெத்தென்று ஆனது. மெத்தென்று ஆன தோல் தரையைப் பிடித்தது. அந்த ஒரே ஆண்டில் ஆறு பட்டங்களை ஜெயித்து, தொழில்முறைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார் மெக்கியூன்.

விதிப்புத்தகத்தில் அன்றைக்கு இதற்குத் தடை எதுவும் இல்லை. ஆகவே அது ஏமாற்று இல்லை. ஆனால் ரகசியம் வெளியே கசிந்ததும் ஆளாளுக்கு வாளியில் பந்து ஊறப்போட ஆரம்பித்தார்கள். அந்தத் திரவத்தின் ஆவி மூக்கையும் கண்ணையும் எரிக்கும், தலைசுற்ற வைக்கும், ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். இப்படிப்பட்ட ஒன்றை மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்குவது உயிரோடு விளையாடுவது. சங்கங்கள் விழித்துக்கொண்டன. பந்தின் தோல் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்று ஓர் எண்ணை நிர்ணயித்து, டியூரோமீட்டர் என்ற ஊசிக் கருவியால் அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மெக்கியூனின் வாளியை நான் இந்த வரலாற்றின் திருப்புமுனை என்பேன். அதுவரைக்கும் பந்து என்பது கையில் இருக்கும் ஒரு கருவி. அதற்குப் பிறகு அது ஒரு ரசாயனப் பொருள். வீட்டில் இருக்கும் ஒருவர் ஒரு வாளியையும் ஒரு திரவத்தையும் வைத்துக்கொண்டு பந்தின் குணத்தையே மாற்ற முடியும் என்று தெரிந்துபோனது. இனி எந்தத் திரவம் சரி, எந்தத் திரவம் தப்பு என்று யாராவது பட்டியல் போட்டே ஆகவேண்டும்.

ஊறப்போடத் தடை வந்தால் என்ன, ஊறாமலே பிடிக்கும் பந்தைத் தொழிற்சாலையே செய்துவிடலாமே? 1981இல் ஏ.எம்.எஃப். நிறுவனத்தின் ஆங்கிள் என்ற யூரித்தேன் பந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் நூ-லைன் நிறுவனத்தின் எக்ஸ்-காலிபர் வந்தது. இதுதான் ரியாக்டிவ் ரெசின் என்று சொல்லப்படும் வகையின் முன்னோடி. யூரித்தேனோடு சில சேர்மானங்களைக் கலந்து வார்த்தபோது, தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாயின. எண்ணெய்ப் படலத்தைத் தாண்டித் தரையைத் தொடும் பந்து இது. தொடும்போதே எண்ணெயை உறிஞ்சியும் கொள்ளும்.

ஸ்கோர்கள் எகிறின. 300 என்ற முழுமையான ஆட்டம், முன்பு ஊரே பேசும் விஷயம், சகஜமாகிப்போனது. ஆனால் குடித்த பந்து ஒரு கட்டத்தில் நிரம்பும். சில பத்து ஆட்டங்கள் ஆனதும் பழைய கூர்மை மங்கும். எங்கே வளைய வேண்டுமோ அங்கே வளையாது. ஆட்டக்காரர்கள் இதை "பந்து செத்துப்போச்சு" என்பார்கள். பந்து சாகவில்லை. வயிறு நிறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

*

இப்போதுதான் அந்தச் சமையலறைக்கு வருகிறோம்.

தட எண்ணெய் என்பது கனிம எண்ணெய். பெட்ரோலியத்திலிருந்து வருவது, சில சேர்மானங்களுடன். தண்ணீரோடு சேராது. அதை எடுக்க மூன்று வழி. ஒன்று, கரைத்து எடுப்பது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் செய்வது இதைத்தான். மேல்தோலில் உள்ள எண்ணெயைக் கரைத்துத் துணிக்குக் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் ஆவியாகும். ஆட்டம் முடிந்த கையோடு, பந்து சூடாக இருக்கும்போதே துடைத்தால் பலன் அதிகம். ஏனென்றால் தோலில் நிற்கும் எண்ணெய், நேரம் ஆக ஆக உள்ளே இறங்கும். பையில் போட்டு ஒரு வாரம் கழித்து எடுத்தால் ஆல்கஹாலுக்கு எட்டாத ஆழத்துக்குப் போயிருக்கும்.

இரண்டாவது வழி, சோப். சோப் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். நடுவே தரகர் மாதிரி நின்று எண்ணெயைத் தண்ணீரோடு அனுப்பிவைக்கும். அமெரிக்க பௌலிங்காரர்களுக்குப் பிடித்தமான டான் என்ற பாத்திர சோப், எண்ணெய்க் கப்பல் விபத்துகளில் எண்ணெயில் முங்கிய கடற்பறவைகளைக் கழுவவும் பயன்படுகிறது. பறவை மீட்பு அமைப்புகள் 1970களின் பிற்பகுதியிலிருந்து அதைப் பயன்படுத்திவருகின்றன. பறவையின் இறகிலும் பந்தின் துளையிலும் பிரச்சினை ஒன்றேதான்: நுண்ணிய இடுக்கில் புகுந்த பெட்ரோலியம்.

மூன்றாவது, சூடு. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெந்நீர் இல்லாமல் எண்ணெய் இறங்காது. சூட்டில் எண்ணெய் இளகும், பந்தின் தோல் சற்றே விரியும், எண்ணெய் வெளியே கசியும். விரல் ஓட்டைகளை டேப் போட்டு அடைத்து, குழாயில் வரும் வெந்நீரில் சோப் கலந்து, பந்தை இருபது முப்பது நிமிடம் முக்கி வைப்பார்கள். தண்ணீரின் மேல் மஞ்சளும் சாம்பலுமாக ஒரு படலம் மிதக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் ஊற்றுவார்கள். படலம் வராதவரை இப்படியே. கொதிக்கும் தண்ணீர் கூடாது. பந்துக்குள் இருக்கும் கருவும் வெளித்தோலும் வேறுவேறு பொருள். சூட்டில் வேறுவேறு அளவில் விரியும். அளவு மீறினால் தோல் வெடிக்கும். அவனும், பாத்திரம் கழுவும் இயந்திரமும், வெயிலில் நிறுத்திய காரும் பந்துக்கு எமனாவது இதனால்தான்.

கண்ணாடி துடைக்கும் திரவமும் சமையல்மேடைக் கிளீனர்களும் மேல்தோலுக்கு உதவும், ஆழத்துக்குப் போகாது. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் பக்கம் போகவே கூடாது. அது மெக்கியூனின் வாளிக்கு நெருங்கிய உறவினர், தோலையே இளக்கிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது பந்துக்கு இல்லை, உங்களுக்கு. அம்மோனியா உள்ள கிளீனரையும் பிளீச்சிங் திரவத்தையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். வருவது நச்சு வாயு. எந்தப் பந்துக்கும் அவ்வளவு மதிப்பு கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் 1920இல் பெட்ரோலிய வாயுவிலிருந்து வணிக அளவில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் செய்யத் தொடங்கியது. முதல் பெட்ரோகெமிக்கல் என்று அதைத்தான் சொல்வார்கள். தடத்து எண்ணெய் பெட்ரோலியம். பந்தின் யூரித்தேன் பெட்ரோலியம். அதைத் துடைக்கும் ஆல்கஹால் பெட்ரோலியம். துடைத்துப் போடும் பிளாஸ்டிக் பாட்டில் பெட்ரோலியம். லிக்னம் வைட்டேயும் அரக்கும் இருந்த இடத்தில், ஐம்பது அறுபது வருஷத்தில் எல்லாமே ஒரே கிணற்றிலிருந்து வர ஆரம்பித்துவிட்டது. பெட்ரோலியத்தால் ஆன தரையில் பெட்ரோலியத்தைப் பூசி, பெட்ரோலியத்தால் ஆன பந்தை உருட்டி, பெட்ரோலியத்தால் துடைக்கிறோம்.

*

சரி, யார் இப்படி உட்கார்ந்து துடைக்கிறார்கள்?

தொழில்முறை ஆட்டக்காரருக்கு நிறுவனமே பந்து கொடுக்கும். ஒன்று மங்கினால் அடுத்தது. பந்துக் கடைகளில் எண்ணெய் எடுப்பதற்கென்றே சூடேற்றும் இயந்திரம் உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். பாத்திர சோப்பும் வாளியுமாக உட்காருபவர் வேறு ஆள். லீக் ஆட்டக்காரர். தொழிற்சாலை, அஞ்சலகம், தீயணைப்பு நிலையம், சர்ச் என்று ஏதோ ஓர் இடத்து நண்பர்கள் நாலைந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, வருஷம் முழுக்க வாரத்துக்கு ஒரு ராத்திரி ஆடுவது லீக். அமெரிக்க உழைக்கும் வர்க்கத்தின் வாழ்க்கையில் அதற்கு இருந்த இடம் பெரியது. ராபர்ட் புட்னம் என்ற அரசியல் அறிஞர் 1995இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு இதைத்தான் குறியீடாக எடுத்துக்கொண்டார். 1980க்கும் 1993க்கும் நடுவில் அமெரிக்காவில் பௌலிங் ஆடுபவர்கள் 10 சதவீதம் கூடினார்கள், லீக்கில் ஆடுபவர்கள் 40 சதவீதம் குறைந்தார்கள் என்று அவர் காட்டினார். ஆட்டம் இருக்கிறது, கூட்டம் கலைந்துவிட்டது.

புட்னம் இதற்குத் தொலைக்காட்சி, தலைமுறை மாற்றம் என்று பல காரணங்களைப் பேசினார். ஒரு சின்னக் காரணமாக இந்தப் பந்தையும் சேர்க்கலாமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நிரூபிக்க முடியாத ஊகம்தான். ரப்பர் பந்துக் காலத்தில் ஒருவர் ஒரு பந்தை வாங்கினால் வாழ்நாள் முழுக்க ஆடலாம், மகனுக்கும் கொடுத்துவிட்டுப் போகலாம். ரெசின் பந்துக்கு அந்த ஆயுள் இல்லை. விலையோ நூறு, நூற்றைம்பது டாலருக்கு மேல். பக்கத்துத் தடத்துக்காரர் புதுப்பந்து வாங்கி ஸ்கோரை ஏற்றினால், நீங்களும் வாங்கியாக வேண்டும் அல்லது தோற்க வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி உண்டென்றால் அதுதான் வாளி. இந்த வீட்டு வைத்தியத்தைக் கஞ்சத்தனம் என்று சிரிப்பது சுலபம். எனக்கு அது சின்ன எதிர்ப்பாகப் படுகிறது. "இது செத்துப்போச்சு, புதுசு வாங்கு" என்று சந்தை சொல்கிறது. "இரு, கழுவிப் பார்க்கிறேன்" என்று ஒருவர் சமையலறைத் தொட்டியில் வெந்நீரைத் திறக்கிறார்.

*

சங்கம் இதை எப்படிப் பார்த்தது? அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் 1895இல் நியூயார்க்கில் உருவானது. பந்தின் எடை, பின்னின் அளவு, தடத்தின் நீளம் எல்லாவற்றையும் நாடு முழுக்க ஒன்றாக்கியது அதுதான். 2005இல் அது மற்ற சங்கங்களோடு இணைந்து யு.எஸ்.பி.சி. ஆனது. அவர்கள் 2018இல் ஒரு தொழில்நுட்ப ஆய்வை முடித்துப் புதிய விதிகளை அறிவித்தார்கள். பந்துகள் தட எண்ணெயைக் குடிப்பதால் ஆட்டத்தின் நடுவிலேயே தடத்தின் தன்மை மாறிவிடுகிறது என்பது அவர்களின் கவலை. பந்து எவ்வளவு வேகமாக எண்ணெய் உறிஞ்சலாம் என்பதற்கே எல்லை வந்தது. 2019 ஆகஸ்ட் 1 முதல், போட்டி நடக்கும்போது பந்தில் எந்தத் திரவத்தையும் போட்டுத் துடைக்கக் கூடாது என்று விதி வந்தது. காய்ந்த துண்டுக்கு மட்டும்தான் அந்த விதி இடம் கொடுத்தது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது பழக்கமான நியாயம். அதே 2018இல்தான் கேப்டவுனில் உப்புத்தாள் விவகாரம் வெடித்தது. கிரிக்கெட்டில் பந்தை உப்புத்தாளால் தேய்த்தால் தடை. பௌலிங்கில் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது சாதாரணப் பராமரிப்பு. தொடங்கிய பிறகு செய்தால் குற்றம். பந்தைச் சுத்தம் செய்வதற்கும் பந்தைக் கெடுப்பதற்கும் நடுவில் உள்ள கோடு எந்தப் பொருளிலும் இல்லை. விதி எழுதுகிறவரின் பேனாவில் இருக்கிறது.

அந்தப் பேனாவைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் இந்த வரலாற்றை முடிக்க முடியாது. பின்னின் எடையைக்கூட அவுன்ஸ் கணக்கில் எழுதிய அதே காங்கிரஸ், யார் உறுப்பினர் ஆகலாம் என்றும் எழுதியது. 1916 முதல் அதன் சட்டத்தில் வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும் என்றே இருந்தது. கறுப்பின ஆட்டக்காரர்கள் 1939இல் டெட்ராய்ட்டில் தங்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். தொழிற்சங்கங்களும் குடிமை உரிமை அமைப்புகளும் போராடி, வழக்குகள் வந்து, 1950இல்தான் அந்த விதி நீங்கியது. சங்கத்தின் சட்டம் மாறியதே தவிர எல்லாக் கூடத்தின் வாசலும் திறக்கவில்லை. தெற்குக் கரோலினாவின் ஆரஞ்ச்பர்க்கில் ஆல் ஸ்டார் என்ற பௌலிங் கூடம், குடிமை உரிமைச் சட்டம் வந்து நாலு வருஷம் ஆகியும் கறுப்பினத்தவரை உள்ளே விடவில்லை. மாணவர்கள் போராடினார்கள். 1968 பிப்ரவரி 8 இரவு, கல்லூரி வளாகத்தில் கூடியிருந்தவர்கள்மேல் நெடுஞ்சாலைக் காவலர்கள் சுட்டார்கள். மூன்று இளைஞர்கள் செத்துப்போனார்கள். 20க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பந்து உருட்டுவதற்காக.

கோவில் வாசலிலும் டீக்கடைத் தம்ளரிலும் சுத்தம், அசுத்தம் என்று கோடு போட்ட ஒரு சமூகத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. பந்தில் என்ன இருக்கக் கூடாது என்ற பட்டியலும், தடத்தில் யார் நிற்கக் கூடாது என்ற பட்டியலும் ஒன்றில்லைதான். முதலாவது ஆட்டத்தைக் காக்கிறது, இரண்டாவது ஆட்டத்தையே கொன்றது. ஆனால் இரண்டையும் எழுத ஒரே சங்கத்துக்குத்தான் அதிகாரம் இருந்தது. அதனால், எந்த விதியைப் படித்தாலும் இது யாருடைய வசதிக்கு என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது.

எண்ணெயிடமும் அதைக் கேட்கலாம். இன்றைக்குப் பெரும்பாலான கூடங்களில் தடம் மரமே கிடையாது. 1970களின் பின்பாதியிலிருந்து செயற்கைப் பலகைகள் வந்துவிட்டன. 39 பலகைக் கோடுகள்கூட அச்சடித்த படம்தான். எண்ணெய் வந்தது மரத்தைக் காப்பாற்ற. மரம் போய்விட்டது, எண்ணெய் போகவில்லை. நடுவில் ஆட்டமே எண்ணெயைச் சுற்றிக் கட்டப்பட்டுவிட்டது. எத்தனை அடிக்குப் பூசுவது, எந்தப் பலகையில் எவ்வளவு என்பதை வைத்துத்தான் இன்று போட்டியின் கடினத்தையே தீர்மானிக்கிறார்கள். முதலாளியின் பராமரிப்புச் செலவாகத் தொடங்கியது, பந்து நிறுவனத்தின் லாபமாகி, கடைசியில் ஆட்டக்காரரின் வீட்டு வாளியில் கசடாக மிதக்கிறது.

தடத்தில் இருக்கும்போது எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது என்று சொன்னேன். பந்து திரும்பி வரும்போது தெரியும். உருளும்போது அச்சு மெல்ல நகர்வதால், பந்தின்மேல் ஒன்றையொன்று ஒட்டிச் சின்னச் சின்ன எண்ணெய் வளையங்கள் விழுந்திருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் துடைப்பதற்கு முன்னால் அதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எந்த இடம் தரையைத் தொட்டது, எவ்வளவு திரும்பியது, எங்கே தப்பாகப் போனது எல்லாம் அந்த வளையங்களில் இருக்கும். பார்த்துவிட்டுத்தான் துண்டை எடுப்பார்கள்.